குரோ லைட்டை எத்தனை அடி உயரத்தில் கட்டுவது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிய பழைய வீடு. பின்கட்டு அறையில் வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல். ஒரு அடிக்கு ஒரு அடி இருக்கும் 45 வாட் வெள்ளை எல்இடி பேனலைச் செடி வளர்க்கும் விளக்காக (குரோ லைட்) வாங்கி உத்திரத்துக் கொக்கியிலிருந்து தொங்கவிட்டிருக்கிறீர்கள். தினமும் 14 மணி நேரம் எரிகிறது. அதன் கீழே தரையில் குழித்தட்டில் தக்காளி, மிளகாய் நாற்று. பக்கத்திலேயே முக்காலி மேல் தொட்டியில் பீஸ் லில்லி. நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்கிறது, லில்லியோ இலை வெளுத்துக்கொண்டே போகிறது. பெட்டியில் 12 அங்குலம் என்று போட்டிருக்கிறது, கடைக்காரர் 3 அடி என்றார், வீடியோவில் ஒருவர் 18 அங்குலம் என்கிறார். எது சரி?

மூன்றுமே சரியாக இருக்கலாம், மூன்றுமே தப்பாகவும் இருக்கலாம். முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். லில்லியைத் தரையில் இறக்குங்கள், குழித்தட்டை முக்காலி மேல் ஏற்றுங்கள். விளக்கைத் தொடவே வேண்டாம். உங்கள் பிரச்சினையில் பாதி அதோடு தீர்ந்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய அளவுகளைப் பாருங்கள். விளக்குக்கும் தரைக்கும் நடுவே இரண்டே முக்கால் அடி. நாற்றின் நுனி விளக்கிலிருந்து சுமார் இரண்டரை அடி தள்ளி இருக்கிறது. முக்காலி, தொட்டி, அதற்கு மேல் செடி என்று ஏறிப்போன லில்லியின் மேல் இலைக்கும் விளக்குக்கும் எட்டு அங்குலம்தான் இடைவெளி. அளக்க வேண்டியது இந்த இடைவெளியை. தரையிலிருந்து எத்தனை அடி, தொட்டி விளிம்பிலிருந்து எத்தனை அடி என்பதெல்லாம் செடிக்குத் தெரியாது. ஒரே விளக்கின் கீழ் வெயில் கேட்கும் செடி இருட்டிலும், நிழல் கேட்கும் செடி வெயிலிலும் உட்கார்ந்திருக்கின்றன.

எவ்வளவு வெயில், எவ்வளவு இருட்டு என்று கணக்கோடு பார்த்தால்தான் அடுத்த செடிக்கும் நீங்களே உயரம் போட முடியும். செடி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துவது 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடிக்கு அந்த வகை ஒளித்துகள் எவ்வளவு விழுகிறது என்பதை மைக்ரோமோல் கணக்கில் சொல்வார்கள். விளக்குப் பெட்டிகளில் பிபிஎஃப்டி என்று அச்சடித்திருப்பது இதைத்தான். நடுப்பகல் முழு வெயிலில் இது சுமார் 2,000. நல்ல எல்இடி பேனல் ஒவ்வொரு வாட்டுக்கும் விநாடிக்கு 2 மைக்ரோமோல் அளவு ஒளி தரும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் 45 வாட் பேனல் மொத்தம் 90 தருகிறது. அந்தத் தொண்ணூறு எப்படிப் பரவுகிறது என்பதில்தான் உயரத்தின் கதையே இருக்கிறது. நான் போட்ட கணக்கில், பேனலின் நடுவுக்கு நேர் கீழே எட்டு அங்குலத்தில் சுமார் 400, ஒரு அடியில் 240, ஒன்றரை அடியில் 125, இரண்டடியில் 75, இரண்டரை அடியில் 50, மூன்றடியில் 35. உங்கள் லில்லி 400-ல் நின்றது, நாற்று 50-ல் நின்றது.

இதோடு நேரத்தையும் பெருக்க வேண்டும். முனிசிபாலிட்டி குழாயில் தண்ணீர் நூலாக வந்தாலும் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் குடம் நிரம்பிவிடும். வேகமாக வந்தால் பத்து நிமிஷத்தில் நிரம்பும். செடிக்கும் ஒரு நாளுக்கு ஒரு குடம் உண்டு, டிஎல்ஐ என்று எழுதியிருப்பார்கள். மைக்ரோமோல் எண்ணை எரியும் மணி நேரத்தால் பெருக்கி, வருவதை 0.0036-ஆல் பெருக்கினால் அந்த நாளுக்கான மோல் கணக்கு வந்துவிடும். உங்கள் நாற்றுக்கு 50 × 14 × 0.0036, அதாவது இரண்டரை மோல். லில்லிக்கு 400 × 14 × 0.0036, இருபது மோல்.

பீஸ் லில்லி காட்டு மரங்களின் அடியில் வளர்ந்து பழகிய செடி. மூன்று முதல் ஆறு மோல் கிடைத்தால் சந்தோஷமாக இருக்கும். இருபது என்பது அதைக் கொண்டுபோய் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நிறுத்திய மாதிரி. தக்காளி நாற்றுக்குக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு மோல் வேண்டும், இரண்டரையில் அது நீண்டு ஓடாமல் என்ன செய்யும்? செடியின் கணக்கில் நீளுவது நோயில்லை. மேலே எங்கேயோ வெளிச்சம் இருக்கிறது, சீக்கிரம் எட்டிப் பிடிக்கலாம் என்று ஓடுகிறது.

மற்றச் செடிகளுக்கும் ஒரு தோராயம் சொல்கிறேன். மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், இசட் இசட் இவற்றுக்கு 50 முதல் 100 மைக்ரோமோல், தினமும் 12 மணி நேரம் போதும். இதில் பாதி இருந்தாலும் சாகாது, வளராமல் சும்மா இருக்கும். பெரணி, பிலோடெண்ட்ரான், ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் எல்லாம் 75-லிருந்து 150-க்குள். கீரை, புதினா, துளசி, கொத்தமல்லி இவற்றுக்கு 150-லிருந்து 250. நாற்றுக்கு 200-லிருந்து 300. காய்க்கிற தக்காளி, மிளகாய்க்கு 400-லிருந்து 600, அதையும் பெரிய பரப்பில் தர வேண்டும். இந்தக் கடைசி வகையைப் பற்றி என் அபிப்பிராயம் ஒன்றுதான்: பாண்டியிலோ கடலூரிலோ உட்கார்ந்துகொண்டு அறைக்குள் தக்காளி காய்க்க வைப்பது காசைக் கரியாக்கும் வேலை. மொட்டைமாடியில் வெயில் இலவசமாகக் கொட்டுகிறது. நாற்று வரைக்கும் விளக்கு, அப்புறம் மாடி.

இப்போது வாட் விஷயம். இதில்தான் ஏமாறுபவர்கள் அதிகம், நானும் ஏமாந்திருக்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன், கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு ஸ்டோர் ரூமில் முதன்முதலாக நாற்றுத் தட்டு வைத்தபோது, இணையத்தில் '1000 வாட்' என்று போட்ட ஊதா நிற விளக்கு ஒன்றை வரவழைத்தேன். வயரிங் வேலை செய்கிறவன் என்பதால் சந்தேகம் வந்து கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தேன், நூற்றுச் சொச்சம் வாட்தான் இழுத்தது. ஆயிரம் வாட் பழைய விளக்குக்கு 'சமம்' என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. அதிலிருந்து பெட்டியில் எழுதிய வாட்டை நான் படிப்பதே இல்லை. பிளக்குக்கு நடுவே சொருகும் சின்ன வாட் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், உண்மை அதில் தெரிந்துவிடும். சுவரிலிருந்து உண்மையாக இழுக்கும் வாட்டை வைத்து மனக்கணக்கு இப்படி: இலைச்செடிக்கு ஒரு சதுர அடிக்கு நான்கைந்து வாட், கீரைக்கும் நாற்றுக்கும் பத்துப் பன்னிரண்டு, காய்ப்பதற்கு முப்பது. உங்கள் 45 வாட் பேனல் நான்கு சதுர அடி நாற்றுக்குச் சரியாக இருக்கும். எட்டு சதுர அடிக்கு இழுத்தால் இழுத்த இழுப்புக்கு வராது.

ஊதா விளக்கா வெள்ளை விளக்கா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. செடி பச்சை ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, அதனால் சிவப்பும் நீலமும் போதும் என்று சொல்லித்தான் ஊதாவை விற்றார்கள். 1972-ல் மெக்ரீ என்ற விஞ்ஞானி 22 பயிர்களின் இலைகளை வைத்து அலைநீளம் அலைநீளமாக அளந்து பார்த்த முடிவு வெளியானது. பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு நன்றாகவே உதவுகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இலையின் மேல்பரப்பைத் தாண்டி உள்ளே போவதும், மேல் இலையைத் தாண்டிக் கீழ் இலைக்குப் போவதும் பச்சைதான். போதாக்குறைக்கு, ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, பூச்சி பிடித்திருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியாது. நீங்கள் வெள்ளை வாங்கியது நல்லது. சாதாரண வீட்டு எல்இடி ட்யூப் கூட மோசமில்லை. 20 வாட், 2,000 லூமன் என்று எழுதிய நாலடி பேட்டன் நான்கை ஒரு பலகையில் வரிசையாக முடுக்கி, ஒன்றரை அடி அகல ஷெல்ஃபுக்கு மேல் அரை அடியில் நிறுத்தினால் கீழே 150 மைக்ரோமோல் அளவுக்குக் கிடைக்கும். கீரைத் தட்டுகளுக்கு நான் இன்றைக்கும் வைத்திருப்பது அதைத்தான். 'செடி விளக்கு' என்ற பெயருக்காகக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை.

ட்யூபையும் பேனலையும் பல்பையும் ஒரே உயரத்தில் கட்டக்கூடாது என்பதற்குக் காரணம் அவற்றின் வடிவம். ஒற்றை பல்பு ஒரு புள்ளி மாதிரி. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. நீள ட்யூபுக்குப் பக்கத்தில் இருக்கும்வரை தூரம் இரண்டு மடங்கானால் பாதிதான் குறையும். ஷெல்ஃப் முழுக்க ட்யூபை நிரப்பினால் இன்னும் மெதுவாகக் குறையும். அதனால்தான் ட்யூப் ஷெல்ஃபில் உயரம் ஓரிரண்டு அங்குலம் முன்னே பின்னே இருந்தாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது. ஹோல்டரில் மாட்டும் 'குரோ பல்பு' ஆறு அங்குலம் தள்ளினாலே கதை மாறிவிடும்.

நடுவுக்கு நேர் கீழே என்று மேலே ஒரு வார்த்தை போட்டேன், கவனித்தீர்களா? ஓரத்தில் விஷயம் வேறு. ஒரு அடி உயரத்தில் தொங்கும் சின்ன பேனலின் நடுவில் 240 இருந்தால், நடுவிலிருந்து ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தால் அதில் நாலில் ஒரு பங்கு மாதிரிதான் கிடைக்கும். கீழே இறக்கினால் நடுவில் பிரகாசம் கூடும், ஆனால் பரப்பு சுருங்கும். தூக்கினால் பரவும், ஆனால் மங்கும். தட்டின் நடுவில் இருக்கும் நாற்று குட்டையாகவும் ஓரத்து நாற்று உயரமாகவும் வந்தால், உரக் குறை என்று நினைத்து எதையும் ஊற்ற வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை தட்டைத் திருப்பி வையுங்கள். நான்கு பக்கமும் வெள்ளை தெர்மாகோல் நிறுத்தினால் வெளியே சிதறும் ஒளி உள்ளே திரும்பி வரும். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரை ஒட்டி வைத்தாலும் நல்ல பலன். அலுமினியத் தாளை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கசங்கிய தாள் ஒளியை ஒழுங்காகத் திருப்பாது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சரி, 240 என்பதும் 50 என்பதும் என் கணக்கு. உங்கள் அறையில் உண்மையில் எவ்வளவு? மைக்ரோமோலை நேராக அளக்கும் மீட்டர் விலை அதிகம், வீட்டுச் செடிக்கு அது தேவையில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் போதும். அதுவும் இல்லையென்றால் போனில் லக்ஸ் காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். போன் சென்சார் துல்லியமாக இருக்காது, ஆனால் இந்த இடத்தைவிட அந்த இடம் எத்தனை மடங்கு என்று ஒப்பிட உதவும். போனை இலை நுனி இருக்கும் உயரத்தில், முகப்பு மேலே பார்க்க, உங்கள் நிழல் விழாமல் பிடியுங்கள். வெள்ளை எல்இடி என்றால் வரும் லக்ஸை 70-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் தோராயமாக வரும். வெயில் என்றால் 54-ஆல் வகுக்க வேண்டும். 17,000 லக்ஸ் காட்டினால் 240, நாற்றுக்குச் சரியான இடம். 7,000 காட்டினால் 100, லில்லியின் இடம். ஊதா விளக்கின் கீழ் இந்தக் கணக்கு செல்லாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, கண்ணுக்குப் பச்சைதான் பிரகாசம். ஊதா விளக்கில் லக்ஸ் குறைவாகக் காட்டும், உண்மையில் செடிக்குப் போவது அதிகமாக இருக்கும்.

லக்ஸ் மீட்டரைக் கையில் எடுத்தவுடன் எல்லோருக்கும் ஒரு அதிர்ச்சி கிடைக்கும். ராத்திரி ட்யூப்லைட் போட்ட கூடம் நமக்குப் பளிச்சென்று இருக்கும், அளந்தால் 100, 300 லக்ஸுக்குள். 70-ஆல் வகுத்தால் ஒன்றரையிலிருந்து நான்கு மைக்ரோமோல். செடிக்கு அது அமாவாசை. நம் கண் எந்த இருட்டுக்கும் பழகிவிடும், அதனால் வெளிச்சத்தைப் பற்றிக் கண் சொல்வதை மட்டும் நம்பக்கூடாது. 'எங்கள் ஹால் நல்லா வெளிச்சமாத்தான் இருக்கும்' என்று சொல்லி நாற்றைக் கூடத்தில் வைத்து வீணடித்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர்.

உங்கள் வடக்கு ஜன்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களைப் படித்தவர்கள் தெற்கு ஜன்னல்தான் வெயில், வடக்கு ஜன்னல் எப்போதும் நிழல் என்பார்கள். அது லண்டனுக்குப் பொருந்தும். பாண்டி இருப்பது வட அட்சரேகை 12 பாகைக்குப் பக்கத்தில். ஏப்ரல் மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு நாள் உச்சி வெயிலில் நிழலே விழாமல் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகத்தான் போகும். அந்த நான்கு மாதமும் உங்கள் ஜன்னலில் காலையிலும் மாலையிலும் சாய்வான வெயில் விழ வாய்ப்புண்டு, எதிரே மாடி வீடோ சன்ஷேடோ மறைக்காமல் இருந்தால். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வானத்து வெளிச்சம் மட்டும்தான், அதிலும் ஐப்பசி கார்த்திகை மேகமூட்டத்தில் அதுவும் மங்கிவிடும். ஆகவே விளக்கை வருஷம் முழுக்க ஒரே மாதிரி வைக்க வேண்டியதில்லை. மே மாதம் ஜன்னலோரத்து மணி பிளாண்டுக்கு விளக்கே வேண்டாம். நவம்பரில் அதே செடிக்கு மாலை நான்கு மணி நேரம் போட்டால் புது இலை விடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரை கடந்த சமயம் மாதிரி கரண்ட் போய், வானமும் இருண்டு கிடந்தால் பதற வேண்டாம். இரண்டு மூன்று நாள் இருட்டை வீட்டுச் செடிகள் தாங்கும். அந்த நாட்களில் தண்ணீரை மட்டும் நிறுத்துங்கள், இருட்டில் ஈரம் சேர்ந்தால் நாற்றின் கழுத்து அழுகும்.

எத்தனை மணி நேரம் என்பதிலும் செடிக்குச் செடி குணம் வேறு. நாற்றுக்கு 14 மணி நேரம், அவசரம் என்றால் 16 வரை போகலாம். 24 மணி நேரமும் எரியவிட்டால் இரண்டு மடங்கு வளரும் என்று நினைக்காதீர்கள். தக்காளி இடைவிடாத வெளிச்சத்தில் இலை மஞ்சளித்துப் போகும். கொத்தமல்லிக்கு நாள் நீண்டாலே, கூடவே சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம், இலையை விட்டுவிட்டுப் பூவுக்குப் போய்விடும். அதற்கு 12 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாமந்தி இதற்கு நேர் எதிர். இரவு நீளமாக இருந்தால்தான் மொட்டு கட்டும், அதனால்தான் பூப்பதைத் தள்ளிப்போட நினைக்கும் விவசாயிகள் சாமந்தி வயலில் ராத்திரி பல்பு எரியவிடுகிறார்கள். வியட்நாமில் டிராகன் பழத் தோட்டத்தில் பருவம் இல்லாத நாளில் பூக்கவைக்க இரவில் பல்பு போடுகிறார்கள். ஒரே பல்பு ஒரு செடியைப் பூக்காமல் நிறுத்துகிறது, இன்னொன்றைப் பூக்க வைக்கிறது. உங்கள் அறையில் சாமந்தியோ கலஞ்சோவோ இருந்தால் நாற்று விளக்கின் பக்கம் வைக்காதீர்கள், வருஷக்கணக்கில் மொட்டைப் பார்க்க மாட்டீர்கள். இதையெல்லாம் கையால் போட்டு அணைத்துச் சமாளிக்க முடியாது, மறந்துவிடும். பிளக்கில் சொருகும் டைமர் ஒன்று கட்டாயம்.

கத்திரி வெயில் காலத்தில் ஒரு யோசனை. எல்இடி சூடாகாது என்பது பொய். 45 வாட் இழுத்தால் அது ஒளியாகப் போய்ச் சுவரில் பட்டாலும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் முடியும். மின்விசிறி இல்லாத பின்கட்டு அறை மதியம் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும். அப்போது டைமரைக் காலை 4 முதல் 11 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் வையுங்கள். நடுவில் ஜன்னல் வெளிச்சம் இருப்பதால் செடிக்கு அது தொடர்ந்த பகல்தான், சூடு மட்டும் மிச்சம். மூன்று மணி நேரம் குறைகிறதே என்றால் விளக்கை இரண்டு அங்குலம் இறக்கிக்கொள்ளலாம். புறங்கையை இலை நுனி உயரத்தில் அரை நிமிஷம் வைத்துப் பாருங்கள், சுட்டால் செடிக்கும் சுடும். ஆனால் சுடவில்லை என்பதால் ஒளி அதிகமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் லில்லி வெளுத்தது சூட்டால் இல்லை.

முத்தியால்பேட்டை கடலுக்குப் பக்கம், அதனால் உப்புக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாதாரண இரும்புச் சங்கிலி ஒரு வருஷத்தில் துருப்பிடித்துக் கையோடு வந்துவிடும். நைலான் கயிறோ எவர்சில்வர் சங்கிலியோ போடுங்கள். விளக்கின் முகத்தில் தூசியும் உப்பும் சேர்ந்து மெல்லிய படலமாகப் படியும். மாதம் ஒருமுறை அணைத்து, ஆறவிட்டு, காய்ந்த துணியால் துடையுங்கள். இன்னொன்றும் என் தொழில் காரணமாகச் சொல்லியே ஆக வேண்டும்: ஒயர் விளக்கிலிருந்து நேராகப் பிளக்குக்கு இறங்கக்கூடாது. பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறி சொருக வேண்டும். தண்ணீர் தெளிக்கும்போது ஒயரில் வழியும் ஈரம் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மூன்று பின் பிளக், உண்மையிலேயே இணைத்திருக்கும் எர்த், மின்சாரம் கசிந்தால் தானே துண்டித்துவிடும் ஆர்சிசிபி வீட்டில் ஒன்று, இந்த மூன்றும் இல்லாமல் ஈரமான இடத்தில் விளக்கு தொங்கவிடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உயரம் சரியா என்று மீட்டரைவிட நன்றாகச் சொல்வது செடிதான், அது என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவே. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, புது இலை சின்னதாக வெளிறி, செடி ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி போதவில்லை. வெள்ளை வரி ஓடும் மணி பிளாண்டில் வரி மறைந்து முழுப் பச்சையாகிவிட்டாலும் அதே சங்கதி. விளக்குக்கு மிக அருகில் உள்ள மேல் இலை மட்டும் வெளுத்து, ஓரம் சுருண்டு, கீழ் இலை பச்சையாகவே இருந்தால் ஒளி அதிகம். கீழ் இலை முதலில் மஞ்சளானால் அது விளக்கின் குற்றமில்லை, பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு அல்லது தண்ணீர் அதிகம். இந்த வித்தியாசம் தெரியாமல் விளக்கை ஏற்றி இறக்கியே செடியைக் கொன்றவர்கள் உண்டு. அப்புறம், இதுவரை நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் பிரகாசத்துக்குக் கொண்டுவரக் கூடாது. நிழலில் விட்ட இலை நிழலுக்கென்றே செய்யப்பட்டது, திடீர் ஒளியில் வெளுத்துவிடும். வெளுத்த இலை திரும்பப் பச்சையாகாது, புது இலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும்.

கரண்ட் பில்லைப் பற்றி மாமியார் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். 45 வாட்டை 14 மணி நேரம் எரித்தால் ஒரு நாளைக்கு 0.63 யூனிட், மாதத்துக்கு 19 யூனிட். யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தால் 115 ரூபாய்க்குள். இரண்டு கட்டு கொத்தமல்லிக்காக என்றால் மாமியார் கேட்பது நியாயம்தான். ஐம்பது நாற்று எடுத்து மாடியில் நடுவதற்கு என்றால் நீங்கள் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

உங்கள் தட்டுக்கு வருகிறேன். முக்காலியில் ஏற்றியதும் நாற்று நுனிக்கும் விளக்குக்கும் ஒன்றரை அடி இருக்குமாறு வைத்து நான்கு நாள் விடுங்கள். பிறகு அடியில் ஒரு செங்கல் வைத்து, இன்னும் நான்கு நாளில் இன்னொன்று வைத்து, ஒரு அடிக்குக் கொண்டுவாருங்கள். விளக்கை இறக்குவதைவிட தட்டை ஏற்றுவது சுலபம், லில்லிக்கும் அதன் இடம் மாறாது. நாற்று வளர வளர இடைவெளி குறையும் என்பதால் ஞாயிறுதோறும் ஸ்கேல் வைத்துப் பார்த்து, குறைந்த அளவுக்குத் தட்டைத் தாழ்த்துங்கள். ஏற்கெனவே நீண்டுபோன தக்காளியைத் தூக்கிப் போடாதீர்கள். விதையிலை வரைக்கும் மண்ணில் புதைத்து வேறு கப்பில் நடுங்கள், புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். மிளகாய்க்கு அந்தக் கொடுப்பினை அவ்வளவாக இல்லை, மிகவும் நீண்டதை விட்டுவிட்டுப் புதிதாக விதைப்பது நல்லது.

நான்கைந்து உண்மை இலை வந்ததும் மாடிக்குப் போகலாம். விளக்கின் கீழ் 240-ல் வளர்ந்த பிள்ளைக்கு வெளியே 2,000 காத்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். முதல் நாள் காலை ஏழு மணி வெயிலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, அப்படியே ஒரு வாரம் கூட்டிக்கொண்டு போங்கள். மதியத்தில் பச்சை வலைக்குக் கீழே இழுத்துவிடுங்கள். எட்டாம் நாள் தொட்டியில் நடலாம், சாயங்காலமாகப் பார்த்து.